களைப்புக்குக் காரணம் கழுத்தில் இருக்கலாம்

காலையில் எழும்ப முடியவில்லை. சமையல் முடிவதற்குள் கைகால் சோர்ந்து போகிறது. சாப்பிடுவது குறைவு, ஆனால் உடம்பு ஊதுகிறது. தலைமுடி கொத்தாகச் சீப்பில் வருகிறது. மற்றவர்கள் மின்விசிறியைக் கூட்டச் சொல்லும்போது இவளுக்கு மட்டும் போர்வை தேவைப்படுகிறது. மலச்சிக்கல், மறதி, காரணமில்லாத அழுகை, வந்தால் இலேசில் நிற்காத மாதவிடாய். ஒரு பெண் இவற்றை வீட்டில் சொன்னால் என்ன பதில் கிடைக்கும் என்பதும் நமக்குத் தெரியும். "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்." "வயசு போகுதுதானே." கொஞ்சம் கடுமையான வீடு என்றால், "வேலை செய்யப் பஞ்சி."

எனக்கு 34 வயதில் இவை எல்லாமே இருந்தன. இளைய மகள் பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. ஒரு வருடத்துக்கு மேலாக விற்றமின் குளிசைகளும் சத்துமாவுமே எனக்கு வைத்தியமாக இருந்தன. பிறகு பார்த்த ஒரு வைத்தியர் என் குரல் கரகரத்திருப்பதையும் கண்ணிமைகள் வீங்கியிருப்பதையும் கவனித்தார். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு குருதிப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். முடிவு வந்த அன்று மாமி, "அப்ப பஞ்சி இல்ல, வருத்தமா புள்ள?" என்று கேட்டா. அந்த ஒரு கடதாசியால் வீட்டில் எனக்கிருந்த பெயர் மாறிப் போனது.

அதன்பின் கிளினிக் வாங்கில் எத்தனையோ நாட்கள் காத்திருந்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த பெண்களில் பலருக்கும் இதே கதைதான். இந்த வருத்தத்தைப் பற்றி நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை வாசகிகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

இரண்டரைப் பவுண் நிறையுள்ள சுரப்பி

தைரொயிட் சுரப்பி கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக் குழாயை அணைத்தபடி இருக்கிறது. சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவம். நிறை ஏறத்தாழ 20 கிராம், நகைக் கணக்கில் சொன்னால் இரண்டரைப் பவுண். நாம் உண்ணும் உணவிலிருந்து அயடீனை எடுத்து இது ஓமோன் செய்கிறது. நான்கு அயடீன் அணுக்கள் உள்ளது டீ4, அதாவது தைரொக்சின். மூன்று உள்ளது டீ3. சுரப்பி பெரும்பாலும் டீ4 ஆகவே வெளியே அனுப்புகிறது. உடலின் மற்றப் பாகங்கள் அதில் ஓர் அயடீனைக் கழற்றி டீ3 ஆக்கிப் பயன்படுத்துகின்றன.

இந்த ஓமோனின் வேலையை அடுப்பு நெருப்புக்கு ஒப்பிடலாம். உடலின் கலங்கள் எவ்வளவு வேகத்தில் எரிபொருளை எரித்துச் சக்தியாக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். நெருப்புத் தணிந்தால் இதயம் மெதுவாகும், குடல் மந்தமாகும், தோல் வரளும், குளிர் தாங்காது, மூளையும் மெல்லத்தான் ஓடும். நெருப்புக் கூடினால் இவை எல்லாம் தலைகீழாகும்.

கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் ஒரு குழப்பத்தை இங்கே தீர்க்க வேண்டும். "ரிப்போர்ட்டில் கூடியிருக்கு என்று போட்டிருக்கு. டொக்டர் குறைவு என்கிறார். எது சரி?" இரண்டும் சரிதான். ரிப்போர்ட்டில் உள்ள டீ.எஸ்.எச். என்பது தைரொயிட் சுரக்கும் ஓமோன் அல்ல. மூளையின் அடியில் உள்ள கபச் சுரப்பி தைரொயிட்டை வேலை வாங்க அனுப்பும் ஓமோன் அது. குருதியில் தைரொயிட் ஓமோன் குறைந்தால் கபச் சுரப்பி உரத்துக் கூப்பிடுகிறது. போதுமானது இருந்தால் குரலைத் தாழ்த்துகிறது. அந்தக் கூப்பாட்டின் உரம்தான் அளக்கப்படுகிறது. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சிறிது மாறினாலும், வளர்ந்தவர்களுக்கு 0.4 முதல் 4 வரை சாதாரண அளவு எனலாம். எனக்கு 38 இருந்தது. கபச் சுரப்பி கத்திக் கத்திக் கூப்பிட்டும் தைரொயிட் எழும்பவில்லை என்பதே அதன் பொருள்.

ஏன் எழும்பவில்லை?

ஒரு காலத்தில் முக்கிய காரணம் அயடீன் குறைபாடு. இலங்கையில் தென்மேற்கு ஈரவலயப் பகுதிகளில் கழுத்தில் கழலையோடு பெண்களைக் காண்பது சாதாரணமாக இருந்தது. அயடீனுக்காக ஏங்கி ஏங்கிச் சுரப்பி பருப்பதே அந்தக் கண்டக்கழலை. 1995இல் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது இங்கு சட்டமானது. இன்று அயடீன் கிடைத்தும் பெண்கள் பலருக்குச் சுரப்பி சோர்ந்து போவதற்குக் காரணம் வேறு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் பாதுகாப்புப் படையே ஆள் மாறித் தன் சுரப்பியைத் தாக்குகிறது. 1912இல் நான்கு பெண்களின் சுரப்பிகளை ஆராய்ந்து இதை முதலில் விவரித்தவர் ஜப்பானிய வைத்தியர் ஹக்காரு ஹஷிமோட்டோ. நோய்க்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு அதிகம். குடும்பத்தில் தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்புக் கூடுகிறது. என் பரிசோதனைக்குப் பிறகு என் தங்கையும் பரிசோதித்தாள். அவளுக்கும் இருந்தது.

மருந்து இல்லாத காலத்தில் இந்நோய் முற்றிய பெண்கள் வீங்கி, மந்தமாகி, மனம் பேதலித்து இறந்தார்கள். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோர்ஜ் மறே என்ற இளம் வைத்தியர், செம்மறியாட்டின் தைரொயிட்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாக ஏற்றினார். அந்தப் பெண் தேறினார். பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தச் சாற்றை எடுத்து 1919 வரை, 74 வயது மட்டும் வாழ்ந்தார். அதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டனவாம். நமக்கு அதே வேலையைச் செய்வது ஒரு சிறு வெள்ளைக் குளிசை.

குளிசையோடு வாழ்வது

"வாழ்நாள் முழுக்கக் குளிசையா? உடம்பு அதுக்குப் பழகிடாதா?" என்று என் மச்சாள் பயந்தா. தைரொக்சின் குளிசை வெளியிலிருந்து வரும் அந்நியப் பொருள் அல்ல. சுரப்பி செய்திருக்க வேண்டிய அதே ஓமோனைத்தான் நாம் விழுங்குகிறோம். கிணறு வற்றியவர் குழாய்த் தண்ணீர் எடுப்பதைப் பழக்கம் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் இதை எடுக்கும் முறையில் பிசகினால் எடுத்தும் பயனில்லை. காலையில் எழும்பியதும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீருடன் எடுக்க வேண்டும். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குத் தேநீர், கோப்பி, சாப்பாடு எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் இதுதான் கடினம். கண் விழித்தவுடன் தேநீர் ஊற்றும் கை நம்முடையதுதானே! கிளினிக்கில் ஒரு பெண்ணுக்கு மாதத்துக்கு மாதம் அளவைக் கூட்டியும் டீ.எஸ்.எச். இறங்கவில்லை. விசாரித்ததில், இரும்புச்சத்துக் குளிசையையும் கல்சியம் குளிசையையும் இதையும் ஒரே வாயில் போட்டுப் பால் தேநீரால் விழுங்கியிருக்கிறா. இரும்பும் கல்சியமும் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இவற்றுக்கிடையே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலை வசதிப்படாதவர்கள், நோன்பு விரதம் இருப்பவர்கள், கடைசிச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரத்தின் பின் படுக்கும் நேரத்தில் எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பலருக்கு அது பொருந்துகிறது.

இன்னொரு பொறி உண்டு. இந்த ஓமோன் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். ஆகவே குளிசையை நிறுத்தினால் முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியாது. "பார், நிறுத்தியும் நல்லாத்தானே இருக்கிறேன்" என்று தோன்றும். களைப்பு கள்ளனைப் போலப் பிறகுதான் வரும். இதே காரணத்தால்தான் அளவை மாற்றியதும் அடுத்த கிழமையே பரிசோதிப்பதில்லை. ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துப் பார்க்கிறார்கள். அளவு சரிப்பட்டபின் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். முடி கொட்டுவதற்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதைப் பரிசோதனைக்கு இரண்டு நாட்கள் முன்பே நிறுத்த வேண்டும், அது முடிவைப் பொய்யாக்கும்.

மெலிவதற்காக இந்தக் குளிசையைக் கேட்டு வாங்கும் பெண்களும் இருக்கிறார்கள். குறைபாடு இல்லாத உடம்பில் இது இதயத் துடிப்பைக் குழப்பி எலும்பையும் அரிக்கும். தயவுசெய்து உங்கள் பங்கை அயல் வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் இதுவே

இந்தக் கட்டுரையில் ஒரு பந்தியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். கருவில் உள்ள குழந்தையின் சுரப்பி முதல் மூன்று மாதங்களில் தானாக ஓமோன் செய்வதில்லை. அந்தக் காலத்தில் அதன் மூளை வளர்வது தாயின் ஓமோனில். தாய்க்குக் குறைபாடு இருந்தால் கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் நேரலாம், பிள்ளையின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். ஏற்கெனவே குளிசை எடுக்கும் பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் வழக்கமாக நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை அதிகமாகத் தேவைப்படும். "வயிற்றில் பிள்ளை, மருந்து வேண்டாம்" என்று யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. நாள் தள்ளிப்போன உடனேயே குடும்பநல மருத்துவ மாதுவிடமும் வைத்தியரிடமும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்காகக் காத்திருந்து மனமுடைந்த பெண்களிலும் சிலருக்குத் தடை இந்தச் சுரப்பியாக இருந்திருக்கிறது.

பிறந்த குழந்தைகளில் இரண்டாயிரம் முதல் நாலாயிரம் பேருக்கு ஒருவர் சுரப்பி சரியாக இல்லாமல் பிறக்கிறார்கள். அந்தக் குழந்தை அழாது, அதிகம் பால் கேட்காது, நீண்ட நேரம் தூங்கும். மஞ்சள் காமாலை இலேசில் போகாது. "குழப்படியில்லாத பிள்ளை" என்று வீடே மகிழும். அந்த மகிழ்ச்சிக்குள் மாதங்கள் ஓடிவிட்டால் இழந்த அறிவை எந்த மருந்தும் திருப்பித் தராது. முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். வைத்தியசாலையில் குழந்தையின் குதிக்காலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பது இதற்காகத்தான். பேரப்பிள்ளையைக் குத்துகிறார்களே என்று அம்மம்மாமார் கோபிக்க வேண்டாம். எடுக்கவில்லை என்றால், ஏன் எடுக்கவில்லை என்று கேளுங்கள்.

பிரசவத்தின் பின் சில மாதங்களில் தாயின் சுரப்பி அழற்சியடைவதும் உண்டு. முதலில் படபடப்பு, பிறகு சோர்வு. அதைப் பிள்ளை பெற்ற களைப்பு என்றோ மனச்சோர்வு என்றோ மட்டும் எண்ணிவிடுகிறோம்.

நெருப்புக் கூடினால்

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண் ஆறு மாதத்தில் நன்றாக மெலிந்தா. எல்லோரும் என்ன சாப்பாட்டு முறை என்று விசாரித்தோம். அவவோ முன்னரை விட அதிகம் சாப்பிட்டும் மெலிந்துகொண்டிருந்தா. கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, வியர்த்துக் கொட்டியது, பிள்ளைகள் மீது எரிந்து விழுந்தா. கண்கள் பிதுங்கத் தொடங்கியபின்தான் வைத்தியரிடம் போனா. 1835இல் டப்ளினில் ரொபேர்ட் கிரேவ்ஸ் விவரித்த நோய் இது. இதிலும் பாதுகாப்புப் படையின் குழப்பம்தான், ஆனால் தாக்குவதற்குப் பதிலாக ஓயாமல் தூண்டிவிடுகிறது. கார்பிமசோல் குளிசை, கதிரியக்க அயடீன், சத்திரசிகிச்சை என மூன்று வழிகள் உண்டு. கார்பிமசோல் எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தால் குளிசையை நிறுத்தி அன்றே வைத்தியரிடம் போய்க் குருதிக் கலங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அரிதாக இந்த மருந்து வெண்கலங்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். கர்ப்பம் தரிக்க எண்ணுபவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், மருந்தை மாற்ற வேண்டியிருக்கும்.

கழுத்தில் கட்டி தெரிந்தால் பதற வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். கண்ணாடி முன் நின்று தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். தைரொயிட் கட்டி என்றால் விழுங்கும்போது மேலும் கீழும் அசையும். பத்தில் ஒன்பதுக்கு மேல் புற்றுநோயற்றவை. எனினும் அண்மைய ஆண்டுகளின் தேசியப் பதிவேட்டில் இலங்கைப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து நிற்பது தைரொயிட் புற்றுநோய். ஸ்கேனும் மெல்லிய ஊசியால் எடுக்கும் மாதிரியும் உண்மையைச் சொல்லிவிடும். காலத்தோடு பார்த்தால் பெரும்பாலானவை நன்றாகக் குணமாகக் கூடியவை.

கோவா சாப்பிடலாமா, மரவள்ளிக்கிழங்கு கூடாதாமே என்று கேட்காத பெண் கிளினிக்கில் இல்லை. அயடீன் போதிய அளவு கிடைப்பவர்கள் இவற்றை அவித்து அளவாகச் சாப்பிடுவதால் கெடுதல் இல்லை. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயடீன் போதும், கர்ப்பிணிக்கு 250. கடல் மீனும் அயடீன் உப்பும் இதைத் தந்துவிடும். கடற்பாசி மாத்திரை, அயடீன் துளிகள் என்று விளம்பரத்தில் வருபவற்றை நாடாதீர்கள், அளவு மிஞ்சினாலும் சுரப்பி நோய்ப்படும். உப்புக் கல்லைக் கழுவிப் பாவிக்கும் வீடுகளில் அயடீன் கழுவிய தண்ணீரோடு போய்விடுகிறது. உப்பை மூடியுள்ள போத்தலில், அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்ட வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள்.