கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: பிள்ளையின் ஆர்பிஐ-இல் என்ன இருக்கிறது?

கோலாலம்பூர்: அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்தாலே போதும் என்று நினைக்கும் பெற்றோர் நம்மிடையே அதிகம். ஆனால், அந்தப் பிள்ளை அங்கே எதைக் கற்றுக்கொள்ளும் என்பது ஆர்பிஐ எனப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தில்தான் எழுதப்படுகிறது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வசித்தாலும் கிள்ளான் பக்கம் தோட்டத்தில் வசித்தாலும் தொடங்கும் இடம் ஒன்றுதான். மருத்துவர் பிள்ளையின் நிலையை உறுதிப்படுத்த வேண்டும். அதைக் கொண்டு சமூக நல இலாகாவில் ஓகேயூ அட்டைக்குப் பதிந்துகொள்ளலாம். பள்ளி பற்றிய விவரத்தை மாவட்டக் கல்வி இலாகாவில் கேட்கலாம். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளைப் பள்ளிகள் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019 முதல் பின்பற்றுகிறது.

2013-ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி விதிமுறைகளின்படி மூன்று வழிகள் உள்ளன: சிறப்புக் கல்விப் பள்ளி, சாதாரணப் பள்ளியிலேயே நடக்கும் பிபிகேஐ தனி வகுப்பு, மற்ற மாணவர்களோடு சேர்ந்து படிக்கும் வகுப்பு.

பிபிகேஐ வகுப்பில் ஆறு பிள்ளைகள் இருந்தால் ஆறு ஆர்பிஐ இருக்க வேண்டும். ஒருவனுக்கு எழுத்து வரும், பேச்சு வராது. இன்னொருத்திக்குப் பேச்சு உண்டு, சட்டைப் பொத்தான் போட வராது. இருவருக்கும் ஒரே பாடம் பொருந்தாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்திட்டம் எழுத வேண்டும், அதில் பெற்றோரும் பங்கு பெற வேண்டும் என்பதை அமெரிக்கா 1975-லேயே சட்டமாக்கியது.

இலக்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். "சுயமாக இயங்கப் பழகுவான்" என்று இருந்தால், அவன் பழகிவிட்டானா என்பதை யாராலும் சொல்ல முடியாது. "யாரும் நினைவுபடுத்தாமல், வாரத்தில் நான்கு நாள், சாப்பிடும் முன் கை கழுவுவான்" என்று இருந்தால் மூன்று மாதம் கழித்து சரிபார்க்கலாம். கேண்டீனில் ஒரு வெள்ளியை ஐந்து வெள்ளியிலிருந்து பிரித்து அறிவதும் இப்படிப்பட்ட இலக்குதான். நாம் இல்லாத காலத்திலும் பிள்ளைக்கு உதவப் போவது இவைதான்.

மொழிச் சிக்கலும் உண்டு. ஆர்பிஐ பெரும்பாலும் மலாயில் இருக்கும். வகுப்பாசிரியருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். பசித்தால், வலித்தால், கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் பிள்ளை வீட்டில் என்ன சொல்லும், எப்படிச் சைகை காட்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மலாய் வாசிக்கத் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பள்ளிக் கூட்டத்தில் நான்கு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். இந்த ஆண்டு என் பிள்ளையின் இலக்குகள் எவை? யார் கற்றுக்கொடுப்பார்? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அடுத்து எப்போது சரிபார்ப்போம்? பதில் கிடைத்த பிறகு கையெழுத்திடுங்கள். ஒரு நகலையும் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள்.