பயொப்சி என்றதும் பயமா?

"வாப்பாவின் நெஞ்சில் துண்டு எடுக்க வேண்டுமாம்" என்றதுமே வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. சகோதரிகளே, பயொப்சி செய்யச் சொன்னால் புற்றுநோய் என்றே முடிவுகட்டி விடாதீர்கள்.

எக்ஸ்ரே படத்தில் கசநோயும் புற்றுநோயும் ஒன்றுபோலவே நிழலாகத் தெரியலாம். சளிப் பரிசோதனையிலும் விடை கிடைக்காவிட்டால், ஊசியாலோ மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் கமராக் குழாயாலோ நுரையீரலின் இழையத்தைச் சிறிதளவு எடுப்பார்கள். அரிசிமணியளவு கூடப் போதும். அதை மெழுகில் பதித்து, தலைமயிரின் தடிப்பில் பத்திலொரு பங்குக்கும் குறைவாகச் சீவி, சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். நடுப்பகுதி பாற்கட்டிபோல் சிதைந்த சிறு முடிச்சுகள் தெரிந்தால் பெரும்பாலும் கசநோய்தான். வழக்கமாக 6 மாதம் ஒழுங்காக மருந்து குடித்தால் குணமாகும் நோய் அது. பயந்து பரிசோதிக்காமலே விட்டிருந்தால்?

இன்னொன்று: துண்டு முழுவதையும் போமலினில் போட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. கசநோய்ச் சந்தேகமிருந்தால் ஒரு பகுதி சேலைனில் போகவேண்டும். டாக்டரிடம் இதைக் கேட்பதில் தவறில்லை.

பிள்ளைகளின் விடயம் வேறு. நுரையீரலில் தொடங்கும் புற்றுநோய் அவர்களுக்கு மிக அரிது. கசநோய்க்கும் பெரும்பாலும் துண்டெடுப்பதில்லை. சிறுபிள்ளைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவதால், விடியற்காலையில் வெறும் வயிற்றில் இரைப்பை நீரை எடுத்துச் சோதிப்பார்கள்.

நோயாளி அஸ்பிரின் போன்ற மருந்து குடிப்பவராயின், இரத்தம் கசியக்கூடும் என்பதால், பயொப்சிக்கு நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.