காயை நகர்த்தும்போது வாய் என்ன எண்ணுகிறது?

பரமபத அட்டையில் காய் 27இல் நிற்கிறது. பகடையில் 4 விழுகிறது. குழந்தை ‘ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு’ என்று சொல்லிக்கொண்டே காயை நகர்த்தினால், ஏற்கெனவே தெரிந்ததை இன்னொரு முறை ஒப்பித்திருக்கிறது, அவ்வளவுதான். கட்டத்தில் உள்ள எண்ணைப் பார்த்து ‘இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று’ என்று நகர்த்தினால் கதையே வேறு. அமெரிக்க உளவியலாளர்கள் எலிடா லாஸ்கியும் ராபர்ட் சீக்லரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு சோதித்தது இந்த வித்தியாசத்தைத்தான். 100 வரை எண்கள் கொண்ட ஒரே அட்டை, ஒரே ஆட்டம், எண்ணும் முறை மட்டும் வேறு. கட்டத்து எண்ணைச் சொல்லி ஆடிய குழந்தைகளுக்கு எண்களின் அளவு பற்றிய உணர்வு நன்றாகக் கூர்மை பெற்றது. ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணியவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை.

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். ‘விளையாட்டாகக் கணிதம்’ என்றதும் கடைக்குப் போய் வண்ணவண்ணப் பெட்டிகளை வாங்கி அடுக்கத் தோன்றுகிறது. பெட்டியில் என்ன இருக்கிறது என்பதைவிட, ஆடும்போது குழந்தை என்ன சொல்கிறது, என்ன யோசிக்கிறது என்பதே முக்கியம். சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் செய்த முந்தைய ஆய்வில் இருந்தது 1 முதல் 10 வரை வரிசையாகக் கட்டம் போட்ட வெறும் அட்டை. இரண்டு வாரத்தில் கால் மணி நேரமாக நான்கு முறை ஆடியதிலேயே ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளின் எண்ணறிவு முன்னேறியது. எண்ணுக்குப் பதில் நிறம் பூசிய அட்டையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

அப்படியானால் ஆடினால் போதும், கணக்கு தானாக வந்துவிடுமா? வராது. டெல்லியில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய 214 முன்பருவப் பள்ளிகளில், 1,540 குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. பொருளாதார நிபுணர் எஸ்தர் டூஃப்லோவும் உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கியும் அந்த ஆய்வுக்குழுவில் இருந்தார்கள். எந்தக் கூட்டத்தில் புள்ளி அதிகம், எந்த வடிவம் மற்றவற்றோடு சேரவில்லை என்பன போன்ற விளையாட்டுகள் அளவும் வடிவமும் பற்றிய உணர்வை நன்றாக வளர்த்தன. ஓராண்டு கழித்தும் அது நிலைத்திருந்தது. ஆனால் ஒன்றாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களை முந்தவில்லை.

2025இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இதற்கு மறுபக்கம் காட்டியது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் கடையில் நிற்கும் சிறுவர்கள் எடையும் விலையும் பெருக்கி, மீதிச் சில்லறை வரை மனக்கணக்காகச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களிடமே தாளில் ஒரு சாதாரணக் கழித்தலை நீட்டினால் திணறுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் தாளில் தேறி, சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். கைக்கணக்கும் தாள்கணக்கும் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்வதில்லை. யாராவது சேர்த்து வைக்க வேண்டும். வீட்டுக் கல்வியில் அந்த யாராவது நீங்கள்தான்.

பல்லாங்குழி இதற்குத் தோது. 14 குழி, குழிக்கு ஐந்து சோழி என்று ஆடினால் மொத்தம் 70. அள்ளிப் போடுவதற்கு முன் ‘கடைசிச் சோழி எந்தக் குழியில் விழும்?’ என்று கேளுங்கள். பதிலைச் சிலேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்து எல்லாக் காயும் இருவர் கைக்கும் வந்தபின் ஒருவர் மட்டும் எண்ணட்டும். அவரிடம் 43 என்றால் மற்றவரிடம் எத்தனை? 70 – 43 என்று எழுதிக் கழித்துவிட்டு, பிறகு எண்ணிச் சரிபார்க்கலாம். கழித்தல் சரியா என்று சொல்ல அங்கே வாத்தியார் தேவையில்லை, சோழியே சொல்லிவிடும்.

வாத்தியார் இல்லாமலே சரிபார்க்க முடிவது சின்ன விஷயமில்லை. கணக்கென்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவினால், ஆண்டு முடிவில் பிள்ளை கற்பது குறைகிறது, பயமும் கூடுகிறது என்று எரின் மலோனியும் சையன் பைலாக்கும் உள்ளிட்ட குழு 2015இல் எழுதியது. ஆட்டத்தில் அம்மாவும் தோற்கலாம் என்பது அந்தப் பதற்றத்துக்கு நல்ல மருந்து என்பது என் எண்ணம். வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தாளை ஒரேயடியாக ஒதுக்க முடியாததற்கு வேறு காரணமும் உண்டு. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று சொல்லும் 2009ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டுக் கல்வி பற்றி வெளிப்படையாக எதுவும் பேசவில்லை. வீட்டில் பாடம் சொல்லும் குடும்பங்களில் பலர் பின்னாளில் பிள்ளைகளை எழுத வைப்பது தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் தேர்வைத்தான். பத்தாம் வகுப்புக்கு நிகரான அந்தத் தேர்வும் எழுத்துத் தேர்வே.

பத்து வயதைத் தாண்டியவர்களுக்குத் தாயக்கட்டை கொடுங்கள். ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு முகம். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். பட்டியல் போடச் சொன்னால் 3 நான்கு விதமாகவும், 2உம் 4உம் மும்மூன்று விதமாகவும் வருவது தெரியும். தாயமும் (அதாவது 1) ஐந்தும் இரண்டிரண்டு, ஆறும், இரண்டிலும் 0 விழுந்தால் கிடைக்கும் பன்னிரண்டும் ஒவ்வொன்று. பல ஊர்களில் மறு ஆட்டம் கிடைப்பது 1, 5, 6, 12 விழுந்தால்தான். அபூர்வமாக விழுபவையும் அவையே. நிகழ்தகவு என்ற சொல்லை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

கோலமும் அப்படித்தான். 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் புள்ளிக்கோலத்தைக் கணினி அறிவியல் ஆய்வுக்கே பொருளாக்கினார்கள். வீட்டு வாசலில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். 7 புள்ளி, 1 வரை நேர்ப்புள்ளி வையுங்கள்: 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25. சதுரங்கப் பலகைபோல ஒன்றுவிட்டு ஒன்றாக வெள்ளையும் சிவப்புமாக மாற்றி வைத்து, தலையைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு நிறத்தில் 4க்கு 4 என 16, மற்றதில் 3க்கு 3 என 9, இரண்டு சதுரங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். பிறகு 9 புள்ளிக் கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி என்பதை, ஒரு புள்ளியும் வைக்காமலே சொல்ல முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.