உப்புக் காற்றில் ஒரு கதவு

வாடை தொடங்கி இரண்டு கிழமை போனால் யாழ்ப்பாணத் தீவகத்தின் நெடுந்தீவில் கதவுகள் இறுகும். ஆனியில் ஒரு விரலால் தள்ளத் திறந்த கதவு, மார்கழியில் தோளைக் கொடுத்தாலும் அசைய மறுக்கும். மழையைப் போலவே உப்புக்கும் இதில் பங்கு உண்டு. கடலிலிருந்து காற்றோடு வரும் நுண்துளிகள் காய்ந்து, நிலையிலும் கதவிலும் கதிரையிலும் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படையாகப் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கசியத் தொடங்கும், அந்த ஈரத்தில் மரமும் ஊதும். மாரிகாலத்தில் அடுக்களை உப்புப் போத்தலுக்குள் நடப்பதும் இந்தக் கசிவுதான்.

அதனால் ஊர்காவற்றுறையிலோ புங்குடுதீவிலோ மரத்தைப் பேணும் வேலை எண்ணெயில் தொடங்கக் கூடாது. முதலில் உப்பைத் துடைக்க வேண்டும். நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த பழைய பருத்தித் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நன்னீருக்குத் தட்டுப்பாடான இடத்திலும் ஒரு கதவுக்கு ஒரு செம்பு நீர் போதும்.

கைப்பிடியைச் சுற்றிப் படியும் பிசுக்கு தண்ணீருக்கு அசையாது. அதற்கு, முழுக்குக்கு வைக்கும் அரப்பே உதவும். இலுப்பைப் பிண்ணாக்கிலும் சீயாக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரைக்கும் பொருள் இயற்கையாகவே இருக்கிறது. அது எண்ணெய்ப் பசையைப் பிரித்தெடுக்கும். இவற்றை ஊறவைத்த நீரை வடிகட்டி, மறைவான ஒரு மூலையில் பூசிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. தேசிக்காய்ச் சாற்றையும் புளியையும் மரத்துக்குக் கொண்டுவர வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கைப் பளிச்சிட வைக்கும் அதே புளிப்பு, மரத்தில் இருக்கும் இரும்பு ஆணியைக் கரைக்கும். கரைந்த இரும்பு மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து, போகாத கறுப்புக் கறையாகிவிடும்.

கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் என்று தீவகத்தார் வாயில் புழங்கும் பெயர்கள் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. ஊர்காவற்றுறைக்கு வழங்கும் ‘கயிற்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரும் துறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததே. பொருட்களின் பெயர் கடல் கடந்து வந்தாலும் அவற்றைக் காத்த எண்ணெய்கள் உள்ளூரில் ஆட்டியவை.

எந்த எண்ணெய் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கைக்கு எட்டுகிறது என்பதற்காகத் தேங்காயெண்ணெயை அலுமாரியில் தடவுவது வழக்கமாகிவிட்டது. அன்றைக்கு மினுங்கும். ஆனால் தேங்காயெண்ணெய் எத்தனை மாதம் போனாலும் இறுகாது. பசையாகவே நின்று தூசியைப் பிடிக்கும், நாளடைவில் சிக்கு மணமும் வரும். ஆளிவிதை எண்ணெய் அப்படியல்ல. அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்லிய தோலாக இறுகிவிடும். நல்லெண்ணெய் இரண்டுக்கும் இடைப்பட்டது.

நாலு பங்கு ஆளிவிதை எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு போதும். மெழுகு 60 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே உருகுவதால் நேரடி நெருப்புத் தேவையில்லை. கொதிநீர்ச் சட்டிக்குள் பாத்திரத்தை வைத்தாலே கரைந்துவிடும். ஆறியதும் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். தடிப்பாகப் பூசுவது கெடுதல். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள். பெயின்ற் கடையில் காய்ச்சியது என்று விற்கும் எண்ணெயில் உலோக உப்புகள் கலந்திருக்கக்கூடும். உணவு படும் உரலுக்கும் உலக்கைக்கும் அது ஆகாது.

வேப்பெண்ணெய்க்கு வேறு வேலை. அதன் கசப்பும் மணமும் பூச்சியை விரட்டும். ஆனால் வெயில் பட்டால் அந்த வீரியம் சீக்கிரம் அழிந்துவிடும். அதனால் அலுமாரியின் முதுகு, கட்டிலின் அடிச்சட்டம், பெட்டகத்தின் கீழ்ப்பலகை போன்ற இருண்ட இடங்களுக்கே அது பொருந்தும். ஆண்டுக்கு ஒரு முறையாவது திரும்பப் பூச வேண்டும். செல் ஏற்கெனவே மண்புற்றுக் கட்டிய மரத்தை வேப்பெண்ணெய் மட்டும் மீட்காது.

இனி, மரம் எங்கே முதலில் உக்குகிறது என்று கதவைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: அடியில். நெடுக்குச் சட்டத்தின் வெட்டுமுகம் அங்கேதான் தரையைப் பார்த்து நிற்கிறது. உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய குழாய்களின் வாய் அது. பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை உறிஞ்சும். கதிரைக் கால், நிலையின் அடி, பனஞ்சலாகையின் நுனி எல்லாவற்றுக்கும் இதே கதை. பனையில் இது இன்னும் கூர்மை. அதன் வைரம் முழுக்க வெளிப்புறத்தில். நடுவே மென்மையான சோறு. வெட்டுமுகத்தில் அந்தச் சோறு திறந்து கிடக்கும். வாசலில் தெரியும் முகப்பை மினுக்குவதற்கு முன், யாரும் பார்க்காத அந்த அடிப்பக்கத்துக்கு எண்ணெயும் மெழுகும் மூன்று நான்கு முறை ஊட்டவேண்டும்.

ஈரம் புகும் வாயை அடைப்பதை மரத்தோணிக்காரர் நன்றாக அறிந்திருந்தார்கள். பலகை பொருந்தும் இடைவெளிகளில் நாரைச் செருகி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவதும், அடிப்புறத்துக்குச் சுறா எண்ணெய் தடவுவதும் கண்ணாடியிழைப் படகுகள் வரும்வரை இக்கரைகளின் வழக்கமாக இருந்தது. இக்கரைகளின் மரக்கலம் பெருங்கடலையும் தாண்டியது: யாழ்ப்பாணத்தின் வடகரையில், வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது.

வீட்டுக் கூரையைக் காத்தது புகை. அடுப்படிக்கு மேலிருந்த பனஞ்சலாகை கரிபிடித்து வண்டு தீண்டாமல் நின்றது. 1990களின் தொடக்கத்தில் போரினால் தீவகத்தார் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போனபோது, அடுப்பும் அணைந்தது, துடைக்கும் கையும் இல்லாமல் போயிற்று. குண்டு படாத வீடுகளிலும் கூரை இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போதும் பல வீடுகள் ஆண்டில் சில கிழமைகள் மட்டுமே திறக்கப்படுகின்றன. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்காக ஆனியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் குறிகட்டுவான் துறையில் படகேறுகிறார்கள். சோளகம் வீசும் காலம் அது. மழை இல்லை, மரம் தன் ஈரத்தை விட்டுக் காய்ந்திருக்கும். எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு அதைவிட நல்ல பருவம் இல்லை. யன்னல்களைத் திறந்து நாலைந்து நாள் காற்றாட விட்டு, உப்பைத் துடைத்து, கதிரைகளைக் கவிழ்த்து வைத்து, முதலில் அவற்றின் கால்களுக்கு எண்ணெய் பூசலாம்.