நலம் விசாரித்தால் போதுமா?

கச்சிராயபாளையத்திலாகட்டும், கல்வராயன் மலையடிவாரத்து வேறெந்த ஊரிலாகட்டும், பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியவரைக் காணப் பழமும் பிஸ்கட்டுமாகச் செல்கிறோம். ஸலாம் கூறி, துஆ செய்து திரும்புகிறோம். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் மருமகளை எண்ணிப் பார்த்தோமா? புரட்டத் தவறினால், எலும்பு அழுந்தும் இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் உண்டாகும். முதுகின் அடி, இடுப்பு, குதிகால் மூன்றையும் நாள்தோறும் பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளையும், படுக்கையில் இருப்போருக்கான வலிநிவாரணப் பராமரிப்பையும், இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். ஆனால் நள்ளிரவில் புரட்டிவிடச் செவிலியர் வரமாட்டார். அடுத்த முறை செல்லும் சகோதரிகள் ஒரு பிற்பகல் அங்கேயே தங்குங்கள். அந்த மருமகள் சற்று உறங்கட்டும்.