பழைய விமானத்திற்கு மறுவாழ்வு

வானத்தில் விமானம் செல்லும் ஓசை கேட்டதும் தலை நிமிர்ந்து பாராதவர் நம்மில் யாரேனும் உண்டோ? ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாழும் நமக்கு, மீனம்பாக்கத்திற்கு வந்து போகும் பெரிய விமானங்கள் பழகிப்போன காட்சி. ஆனால் இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய விமானங்களும் உண்டு. அவற்றுள் சில நம் பாட்டனார் காலத்தவை. பல ஆண்டுகள் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த அத்தகைய விமானம் ஒன்றைப் பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் கோத்துப் பறக்கச் செய்ய இயலுமா? அதுவும் வீட்டிலேயே இயலுமா? இயலும். எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விமானம் என்றதும் மாபெரும் தொழிற்சாலை நம் நினைவிற்கு வருகிறது. தொடக்கத்தில் அப்படி இல்லை. 1903-ஆம் ஆண்டில் முதன்முதலாக இயந்திர விமானத்தில் பறந்த ரைட் சகோதரர்கள் அமெரிக்காவில் சைக்கிள் கடை நடத்தியவர்கள். அவ்விமானத்தின் இறக்கைக்கு அவர்கள் போர்த்தியது மஸ்லின் துணி. அதைத் தைத்தது சாதாரணத் தையல் இயந்திரம். நம் சென்னைக்கும் இதில் பெருமை உண்டு. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் என்பவர் தாமே ஒரு விமானத்தைத் திட்டமிட்டு, குதிரை வண்டிகள் செய்துவந்த சிம்ப்சன் நிறுவனத்தாரிடம் கொடுத்துச் செய்வித்து, 1910-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சென்னையில் பறந்து காட்டினார். ஓட்டல்காரரும் வண்டி செய்பவர்களும் சேர்ந்து செய்த விமானம் அது!

வீட்டில் விமான வேலை செய்வோர் இன்றும் உள்ளனர். அமெரிக்காவில் பால் போபெரெஸ்னி என்பவர் 1953-ஆம் ஆண்டில் இத்தகைய ஆர்வலர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இன்று அது உலகெங்கும் உறுப்பினர்களைக் கொண்டுள்ளது. இந்தியாவில் இதற்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு மும்பை விமானி கேப்டன் அமோல் யாதவ். அவர் செய்தது பழைய விமானத்தைப் புதுப்பிக்கும் பணியன்று. புதிய விமானம் ஒன்றையே கட்டினார். கட்டிய இடம்தான் வியப்பிற்குரியது. காந்திவலியில் அவர் குடும்பத்தார் வாழும் ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி அது! அக்கட்டடத்தில் லிப்ட் கிடையாது. கடைசல் இயந்திரம், வெல்டிங் கருவி, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த என்ஜின் முதலிய யாவும் குறுகிய படிக்கட்டு வழியாகவே மேலே சென்றன. ஆறு பேர் அமரக்கூடிய அவ்விமானம் கிரேன் மூலம் இறக்கப்பட்டு, 2016-ஆம் ஆண்டு மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைக்கப்பட்டது. 2017-இல் அது முறைப்படி பதிவு செய்யப்பட்டது. சோதனையாகப் பறக்க அனுமதி கிடைத்ததோ 2019-இல்தான். கட்டுவதற்கு மட்டுமல்ல, 'இது பாதுகாப்பானது' என்று மெய்ப்பிப்பதற்கும் ஆண்டுகள் பல தேவை என்பதை இதனால் அறிகிறோம்.

இனிப் பழைய விமானத்திற்கு வருவோம். 'டைகர் மாத்' என்னும் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் தயாரித்த இவ்விமானம் 1931-ஆம் ஆண்டு அக்டோபரில் முதலில் பறந்தது. எட்டாயிரத்திற்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. நம் விமானப் படையினர் பலர் இதில்தான் பறக்கக் கற்றனர். மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கைகள், 130 குதிரைத் திறன் கொண்ட நான்கு சிலிண்டர் என்ஜின், சுமார் 500 கிலோ எடை. இவ்வளவே அதன் உடைமை! உடற்பகுதி எஃகுக் குழாய்களாலும், இறக்கையின் எலும்புக்கூடு மரத்தாலும் ஆனவை. அவற்றின்மேல் போர்த்தியிருப்பது துணி.

முதல் வேலை பிரிப்பது. பிரிப்பது எளிது என்று எண்ணிவிடக் கூடாது. கழற்றும் முன் ஒவ்வொரு பாகத்தையும் படம் பிடிக்க வேண்டும். கழற்றிய ஒவ்வொரு நட்டிற்கும் போல்ட்டிற்கும் சீட்டு எழுதிக் கட்டித் தனிப் பையில் இட வேண்டும். இன்று கழற்றியதை மூன்று ஆண்டுகளுக்குப் பின் பூட்ட நேரிடலாம்; நினைவை நம்பி எதையும் வைக்க இயலாது.

அடுத்து எலும்புக்கூட்டைச் சோதித்தல். எஃகுக் குழாய் நமக்குப் புதிதன்று. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையும் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலையும் உள்ளனவே! சைக்கிளைப் போலவே விமானத்திலும் உள்ளீடற்ற குழாய் குறைந்த எடையில் மிகுந்த வலிமை தருகிறது. ஆனால் அதற்கு ஒரு பகை உண்டு. நீர்த்துளிகள் குழாயினுள் புகுந்து அடிப்பகுதியில் தேங்கினால், துரு உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே குழாய் காகிதம்போல் மெலிந்திருக்கும். எனவே கூரிய முனையுள்ள கருவியால் குழாயின் கீழ்ப்பக்கத்தைக் குத்திப் பார்ப்பார்கள். குழி விழுந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்து புதுக் குழாயைப் பற்றவைக்க வேண்டும். பின்னர் குழாயினுள் ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, எங்கும் படியச் செய்து, வடித்துவிடுவதுண்டு. அது துருவைத் தடுக்கும்.

உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைக் கண்டுபிடிக்க ஓர் அழகிய முறை உள்ளது. பாகத்தின்மேல் சிவப்புச் சாயத்தைப் பூசிச் சற்று நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிடுவார்கள். பிறகு வெண்ணிறப் பொடியைத் தெளிப்பார்கள். விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் சாயம் மேலே கசிந்து, வெள்ளையின்மீது செந்நிறக் கோடாகத் தோன்றி, குறையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மரப் பகுதிகளில் கவனிக்க வேண்டியது பசை. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத்திலிருந்து செய்த பசையைப் பழைய விமானங்களில் பயன்படுத்தினார்கள். ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் ஊர் போன்ற இடங்களில் இப்பசை பூஞ்சை பிடித்து வலுவிழக்கும். மரம் நன்றாக இருந்தாலும் இணைப்பு விட்டுப்போகும். ஆகவே ஐயத்திற்குரிய இணைப்புகளைப் பிரித்துப் புதுப் பசையிட்டு ஒட்டுவதே முறை.

இப்போது நம் தையல் வகுப்பிற்குரிய பகுதி! முற்காலத்தில் லினன் அல்லது பருத்தித் துணியை இறக்கைக்குப் போர்த்தி, அதன்மேல் 'டோப்' என்னும் பூச்சைப் பல முறை பூசினார்கள். பூச்சு உலர உலரத் துணி சுருங்கி மத்தளத் தோல்போல் விறைப்பாகும். தற்காலத்தில் பெரும்பாலும் பாலியெஸ்டர் துணியே பயன்படுகிறது. அதைச் சுருக்குவது எது தெரியுமா? இஸ்திரிப் பெட்டிதான்! வெப்பத்தைச் சரியாக அளந்து தேய்த்தால் துணி தானே இழுத்துக்கொள்ளும். வெப்பம் மிகுந்தால் கெட்டுவிடும். அத்துடன் வேலை முடியாது. பறக்கும்போது இறக்கையின் மேற்புறத்துத் துணியைக் காற்று மேல்நோக்கி இழுக்கும். துணி பிய்ந்து போகாதிருக்க, மெழுகு பூசிய நூலை நீண்ட ஊசியில் கோத்து, மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாக இறக்கையின் சட்டங்களோடு சேர்த்துத் தைக்கிறார்கள். ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனி முடிச்சு இட வேண்டும். ஒரு முடிச்சு அறுந்தாலும் அடுத்தது அவிழாது. இத்தனை தையலையும் பின்னர் நாடா ஒட்டி மூடி, வண்ணம் பூசிவிடுகிறார்கள். விமானத்தைப் பார்த்து வியப்பவர் கண்களுக்கு ஒரு முடிச்சும் தெரியாது. ஆயினும் விமானியின் உயிர் அம்முடிச்சுகளில்தான் இருக்கிறது.

என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் உண்டு. தீப்பொறி தரும் 'மாக்னெட்டோ' கருவியும் இரண்டு. நம் ஸ்கூட்டர் வழியில் நின்றுவிட்டால் ஓரமாகத் தள்ளி நிறுத்தலாம். வானத்தில் ஓரம் ஏது? ஆகவே ஒன்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றும்படி அமைத்திருக்கிறார்கள். நட்டுகள் அதிர்வில் கழன்றுவிடாதபடி ஸ்பிளிட் பின் செருகுவதும், கம்பியால் முறுக்கிக் கட்டுவதும் மற்றொரு காப்பு.

எல்லாம் தயாரான பின் கோக்கும் வேலை. கட்டடக் கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இங்கேயும் பயன்படுகின்றன! இறக்கைகள் சரியான சாய்வில் நிற்கின்றனவா என்று அவற்றால் அளந்து, இழுவைக் கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் சரிசெய்கிறார்கள். விமானியின் கைப்பிடியிலிருந்து இறக்கைக்கும் வாலுக்கும் செல்லும் கம்பி வடங்களின்மேல் ஒரு பருத்தித் துணியை உருவிப் பார்ப்பார்கள். எங்கேனும் ஓர் இழை அறுந்திருந்தால் துணி அங்கே சிக்கிக்கொள்ளும். எவ்வளவு எளிய சோதனை! பிறகு முன்சக்கரங்கள் இரண்டையும் வாலையும் தராசில் ஏற்றி எடை பார்த்து, ஈர்ப்பு மையம் எங்கே அமைகிறது என்று கணக்கிடுகிறார்கள். பின்பாரம் அளவு கடந்தால் மூக்கு மேலெழும்பி விமானம் கட்டுக்கு அடங்காது. பௌதிக வகுப்பில் நாம் படிக்கும் திருப்புத் திறன் இங்கே உயிர்காக்கும் கணக்காகிறது.

இவை எல்லாவற்றிலும் நான் முதன்மையாகக் கருதுவது இனிச் சொல்லப்போகும் விதியே. இறக்கையின் பின்விளிம்பில் கீல் வைத்த பலகைகள் உண்டு. கைப்பிடியை இடப்புறம் சாய்த்தால் இடப் பலகை மேலேயும் வலப் பலகை கீழேயும் செல்ல வேண்டும். விமானம் இடப்புறம் சாயும். கம்பி வடங்களை மாற்றிப் பூட்டிவிட்டால் எல்லாம் தலைகீழாகும். இடப்புறம் சாய்க்க எண்ணிய விமானி வலப்புறம் சாய்வார். இத்தவற்றினால் உலகில் விபத்துகள் நேர்ந்துள்ளன. தரையில் நிற்கும்போது வடம் இறுக்கமாகவும் வழுவழுப்பாகவும் அசையும். குறை இருப்பதாகவே தோன்றாது. ஆகவேதான், விமானத்தைத் திருப்பும் பாகங்களைப் பூட்டியவர் ஒருவர் சோதித்த பின், மற்றொருவரும் தனியே சோதித்துக் கையொப்பமிட வேண்டும் என்று விதி வகுத்துள்ளனர்.

என் தந்தையார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறார். அங்கும் ஒருவர் கடைந்த பாகத்தை அவரே 'சரி' என்று முத்திரையிட முடியாதாம். "அது அவர் மேலே சந்தேகம் இல்லை அம்மா. தான் செஞ்சதுலே தனக்குக் குறை தெரியாது" என்று அப்பா கூறுவார். விமான வேலைக்கும் இதுவே அடிப்படை. இரண்டாவது கண் நம்மை அவமதிப்பதன்று, நம்மைக் காப்பது.

வீட்டில் புதுப்பித்த விமானம் என்பதற்காக அதை உடனே எடுத்துப் பறந்துவிட முடியாது. நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் பதிவு செய்து 'வி.டி.' என்று தொடங்கும் எழுத்துகளைப் பெற வேண்டும். உரிய அதிகாரிகள் ஆராய்ந்து பறக்கத் தகுதியுடையது எனச் சான்று அளிக்க வேண்டும். எந்தப் பாகம் எந்நாளில் மாற்றப்பட்டது, யார் சோதித்தார் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவேடு இல்லாத விமானம் காட்சிப் பொருளாகலாம், பறக்கும் பொருளாகாது. காட்சிப் பொருளும் வீணன்று. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வைக்கப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்களைக் கண்டு கவரப்பட்ட மாணவர் ஒருவர் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். அவரே பின்னாளில் நம் குடியரசுத் தலைவரான டாக்டர் அப்துல் கலாம்.

இத்தனை பாடுபட்டால் பயன் கிட்டுமா? நம் விமானப் படையின் பழைய டைகர் மாத் விமானம் ஒன்று இங்கிலாந்தில் புதுப்பிக்கப்பட்டு, 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், விமானப் படையின் எண்பதாம் ஆண்டு நாளன்று, டெல்லிக்கு அருகிலுள்ள ஹிண்டனில் பறந்தது. இவ்வினத்தின் முதல் விமானம் பறந்து அப்போது எண்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

மாணவியராகிய நமக்கு மேலும் ஒரு செய்தி. 1930-ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவிற்குத் தனியே பறந்த முதல் பெண் ஏமி ஜான்சன். அவருடைய 'ஜிப்சி மாத்' விமானமும் துணி போர்த்திய சிறு விமானமே. அவர் வெறும் விமானி மட்டுமல்லர். விமானங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளருக்கான உரிமத்தையும் பெற்றிருந்தார். தம் என்ஜினைத் தாமே கழற்றிப் பூட்டத் தெரிந்திருந்ததால்தான் அத்தனை தூரம் துணிந்தார் எனலாம்.

ஊசி பிடிக்கும் கை, ஸ்பேனர் பிடிக்கும் கை, கணக்குப் போடும் கை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு விமானம் வானில் எழும். யாரும் காணாத இடத்தில் இடும் முடிச்சையும், யாவரும் காணும் வண்ணப் பூச்சைப் போலவே ஒழுங்காகச் செய்பவரே அவ்வேலைக்கு உரியவர். தோழியரே, அடுத்த முறை தையல் வகுப்பில் உட்புறத் தையல்தானே என்று அலட்சியமாக எண்ணத் தோன்றினால், இறக்கைக்குள் மறைந்திருக்கும் அந்த முடிச்சைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி