பென் டிரைவைக் கழற்றும் முன்

வினாத்தாளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஆத்தூரிலோ ராசிபுரத்திலோ நகலகத்துக்குப் போனால், சில நாள் கோப்பு திறப்பதில்லை. உடனே வைரஸைக் குறை சொல்கிறோம். பள்ளியில் அவசரமாக உருவியதும் காரணமாக இருக்கலாம்.

நகலெடுக்கும் பட்டை 100 விழுக்காட்டைத் தொட்டு மறைந்தாலும் எல்லாம் பென் டிரைவுக்குள் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வேகத்துக்காகக் கணினி ஒரு பகுதியைத் தன் நினைவகத்தில் வைத்திருந்து பிறகு எழுதும். எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்று குறிக்கும் அட்டவணையும் அப்படியே. அது பாதியில் நின்றால் பழைய கோப்புகளும் சேர்ந்து காணாமல் போகும். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், பென் டிரைவில் உடனுக்குடன் எழுதுவதே இயல்பான அமைப்பு. ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் கெடத்தான் செய்யும். அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸோ பொதுவாகத் தாமதித்தே எழுதும்.

பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்தும் ‘சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்று வந்தால், ஏதோ ஒரு நிரல் அதிலுள்ள கோப்பைப் பிடித்திருக்கிறது என்று பொருள். வேர்டை மூடியிருப்போம், பின்னால் பவர்பாயின்ட் திறந்திருக்கும், அல்லது வைரஸ் தடுப்பு நிரல் சோதித்துக்கொண்டிருக்கும். லினக்ஸில் டெர்மினல் சாளரம் ஒன்று பென் டிரைவின் கோப்புறைக்குள் நின்றாலே போதும், விடாது. ஒவ்வொன்றாக மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள். காரணம் பிடிபடாவிட்டால் கணினியை முழுவதுமாக அணைத்த பிறகு கழற்றுங்கள். மடிக்கணினியின் மூடியைச் சாத்துவது அணைப்பதாகாது. அது பெரும்பாலும் உறக்க நிலைக்குத்தான் போகும்.